கோவில்பட்டி வக்கீல் சிதம்பரம் பிள்ளை

ஒட்டப்பிடாரத்துச் சைவக் குடும்பம் ஒன்று தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தது. கேட்டவுடன் ஏதோ ஒரு சிவன் கோயில் மூலவரின் பெயர் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் பெயரோடு ஈஸ்வரனைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. உண்டாக்கியவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டவர், அதற்காகச் செக்கிழுத்தவர். அவர் பெற்ற பிள்ளைக்கு ஒரு வெள்ளைக்காரரின் பெயரைச் சூட்டுகிறார் என்றால், அந்த வாலஸ் அவருக்கு என்ன செய்திருக்க வேண்டும்?

பறிபோன வக்கீல் சன்னதை, அதாவது தொழில் நடத்தும் உரிமத்தை, திரும்பக் கிடைக்கச் செய்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவு’ வ.உ.சி.க்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை, அவருக்குச் சிலை வைத்து மாலை போடும் நாம் இன்னும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 1872 செப்டம்பர் 5இல் பிறந்து 1936 நவம்பர் 18இல் மறைந்த வ.உ.சி. வாழ்ந்தது 64 ஆண்டுகள். சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16இல். அவர் கைதானது 1908 மார்ச் 12இல். இடையில் 17 மாதங்கள்கூட முழுதாக இல்லை. சிறையில் இருந்தது நாலே முக்கால் ஆண்டு. இந்த ஆறே கால் ஆண்டைத்தான் பாடப் புத்தகம் சொல்கிறது. 1961இல் சிவாஜி கணேசன் நடித்த ‘கப்பலோட்டிய தமிழ’னும் நம் மனத்தில் பதித்தது அதைத்தான். கைதாவதற்கு முன்னால் 13 ஆண்டு அவர் வக்கீல். விடுதலைக்குப் பின்னால் ஏறக்குறைய 24 ஆண்டு உயிரோடிருந்தார். அதிலும் பிற்பகுதியில் மறுபடியும் வக்கீல். ஒரு மனிதரின் வாழ்நாளில் பெரும்பங்கை நாம் பேசாமல் விட்டுவிட்டு, அவரை மறக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

வக்கீல் தொழில் அவருக்கு வீட்டிலிருந்தே வந்தது. தந்தை உலகநாத பிள்ளை ஒட்டப்பிடாரத்தில் பேர் பெற்ற வக்கீல்; எட்டயபுரம் சமஸ்தானத்தோடு தொழில் உறவு உள்ளவர். அந்த எட்டயபுரத்துப் பழக்கத்தில்தான் பாரதியின் தந்தை சின்னச்சாமி ஐயருக்கும் அவருக்கும் நட்பு. தாய் பரமாயி அம்மாள். சிதம்பரம் பிள்ளை ஊர்த் திண்ணைப் பள்ளியில் தொடங்கி, தூத்துக்குடியிலும் திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலும் படித்தார். சிறிது காலம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். பிறகு திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்து, 1894இல் பிளீடர் பரீட்சையில் தேறி, 1895 முதல் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார்.

இந்தப் ‘பிளீடர்’ என்பதை இன்றைய வாசகருக்குச் சற்று விளக்க வேண்டும். அந்நாளில் பி.எல். பட்டம் பெற்றவர்கள் ஹைகோர்ட்டு வரை போகலாம். அதற்கு வழியில்லாதவர்கள், பட்டம் இல்லாமலே, பிளீடர் பரீட்சை எழுதி சன்னது வாங்கி, தாலுகாவிலும் ஜில்லாவிலும் உள்ள கோர்ட்டுகளில் வழக்காடலாம். சென்னையில் கார் வைத்துக்கொண்டு ஜமீன் வழக்குகளை நடத்திய பெரிய வக்கீல்களின் உலகம் வேறு. வரப்புத் தகராறு, ஆடு மேய்ந்த தகராறு, அடிதடி, பொய்ப் பிராது, கடன் பத்திரம் என்று வந்து நிற்கும் கட்சிக்காரர்களோடு, வேப்பமரத்தடியில் வாய்தாவுக்குக் காத்திருக்கும் பிளீடரின் உலகம் வேறு. வ.உ.சி. இந்த இரண்டாவது உலகத்தின் ஆள். ஒட்டப்பிடாரத்தில் கிரிமினல் வழக்குகளில்தான் அவருக்குப் பேர். ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் வாதாடினார். வசதியுள்ளவர்களுக்கு ஆஜரான தந்தைக்கு எதிராகவே சில வழக்குகளில் மகன் நின்றதாகவும், லஞ்சம் வாங்கிய அதிகாரிகளை அம்பலப்படுத்தியதாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. போலீஸோடு பகை முற்றவே, 1900இல் தூத்துக்குடிக்கு மாறினார்.

இந்தக் காலத்திலேயே அவர் வீட்டில் ஒன்று நடந்தது. கண் பார்வையற்ற இராமைய தேசிகர் என்ற துறவியை வீட்டில் வைத்துச் சோறு போட்டார்கள். சாதிக்காரர்களும் உறவினர்களும் முணுமுணுத்தார்கள். மனைவி வள்ளியம்மை அதைப் பொருட்படுத்தாமல் தேசிகருக்குத் தம் கையால் பரிமாறினார். வள்ளியம்மை இளவயதிலேயே இறந்துபோனார். பின்னாளில் செய்யுளில் தன் வரலாற்றை எழுதியபோது வ.உ.சி. இதை மறக்காமல் பதிவு செய்தார். கோர்ட்டில் ஏழைக்காகப் பேசுகிறவர் வீட்டுக்குள் எப்படி என்று கேட்டால், வள்ளியம்மையின் அந்தப் பந்திதான் விடை.

தூத்துக்குடிக்கு வந்தபின் நடந்ததெல்லாம் ஊரறிந்த கதை. 25 ரூபாய்ப் பங்கு 40,000, மொத்த மூலதனம் பத்து லட்சம் ரூபாய் என்று திட்டமிட்டுச் சுதேசிக் கப்பல் கம்பெனி எழுந்தது. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் மட்டுமே இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. போட்டிக்கு நின்ற வெள்ளையரின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தது. இந்தக் கதையில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு செய்தி உண்டு. இதையெல்லாம் கட்டி எழுப்பியவர் வணிகர் அல்லர், கப்பல் தெரிந்தவரும் அல்லர். பத்திரம் எழுதவும், சங்க விதி வகுக்கவும், பங்குதாரர் கையெழுத்தைச் சட்டப்படி வாங்கவும் தெரிந்த தாலுகா வக்கீல் அவர். வீர உரையால் மட்டும் கம்பெனி பதிவாகாது.

தூத்துக்குடிக் கோரல் நூல் மில் வேலைநிறுத்தத்திலும் அதே கை தெரிகிறது. 1908 பிப்ரவரி 27இல் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். ஒன்பது நாளில் முடிந்தது. கூலி உயர்வு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, வேலை நேரக் குறைப்பு ஆகியவை கிடைத்தன. இந்தியாவில் தொழிற்சங்கம் என்ற சொல்லே பரவாத காலம். கோரிக்கையை எண்ணிக்கையாக வகுத்து, எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேசி, விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு எழுந்து வருவது, கட்சிக்காரருக்காக ராஜி பேசிப் பழகியவருக்குக் கைவந்த கலை. அந்நாள்களில் தூத்துக்குடி மக்கள் அவர் பக்கம் நின்ற விதத்துக்கு ஒரு சான்று: சுதேசியை எதிர்த்துப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், விஷயம் தெரிந்ததும் பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து போனார்.

மார்ச் மாதம் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாட முடிவானது. திருநெல்வேலியில், தாமிரபரணிக் கரைத் தைப்பூச மண்டபத்தில், வ.உ.சி.யும் அவருடைய சுதேசித் தோழர் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். 12ஆம் தேதி கைது. மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். நகராட்சி அலுவலகமும் தபால் ஆபீஸும் எரிந்தன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த நால்வரும், பிறகு தண்டனை பெற்ற எத்தனையோ எளிய மனிதர்களும், நெல்லையின் எந்தத் தெருப் பெயரிலும் இல்லை. அவர்களைத் தேடிப் பிடித்து எழுதியதற்காகவே ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்கு நெல்லைக்காரர்கள் கடன்பட்டிருக்கிறோம். 2024ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது.

இனி வாலஸ் வருகிறார். வ.உ.சி., சிவா மீதான ராஜத்துரோக வழக்கு 1908 மார்ச் கடைசியில் திருநெல்வேலி கூடுதல் ஜில்லா மாஜிஸ்திரேட்டு முன் முதல் விசாரணைக்கு வந்தது. அந்த மாஜிஸ்திரேட்டு ஈ.எச். வாலஸ். அவர்தான் வழக்கை செஷன்ஸுக்கு அனுப்பியவர். செஷன்ஸில் நீதிபதி பின்ஹே ஜூலை 7இல் தீர்ப்புச் சொன்னார். ராஜத்துரோகப் பேச்சுக்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை என்று வ.உ.சி.க்கு மொத்தம் நாற்பது ஆண்டு. சிவாவுக்குப் பத்து ஆண்டு. லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லியே இப்படிப்பட்ட தண்டனைகளைக் கண்டு கலங்கி வைசிராய் மிண்டோவுக்குக் கடிதம் எழுதினார். அதே ஜூலை மாதம் பம்பாயில் திலகருக்கு ஆறு ஆண்டு விதித்தார்கள். ஹைகோர்ட்டு மேல்முறையீட்டில் வ.உ.சி.யின் தண்டனையும் ஆறு ஆண்டாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறைக் கொடுமை பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அங்கே அவருக்குக் கைகொடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியபுராணத்துக்கு விரிவுரை எழுதிய சி.கே. சுப்பிரமணிய முதலியார் கோயம்புத்தூரில் வக்கீல். ராஜத்துரோகிக்கு உதவினால் தன் தொழிலுக்கு ஆபத்து என்று தெரிந்தும் சிறைக்குப் போய் அவரைப் பார்த்தார். வேண்டிய உதவிகளைச் செய்தார். மொஃபஸல் ஊர் வக்கீல்களுக்குள் இருந்த இந்தத் தோழமையை யாராவது ஒருவர் தனியாகவே எழுத வேண்டும்.

1912 டிசம்பர் 24இல் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். கூட்டம் இல்லை. கப்பல் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. சன்னதும் இல்லை. பிளீடர்களுக்கான 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒழுக்கக் குறைவைக் காட்டும் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை அப்போது ஹைகோர்ட்டு தொழிலைவிட்டு நீக்கலாம். நாட்டுக்காகப் பேசியதும் அந்த அரசின் கண்ணில் ஒழுக்கக் குறைவுதான். வ.உ.சி.க்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 1922இல் ராஜத்துரோகத்துக்கான அதே 124-ஏ பிரிவில் தண்டனை பெற்ற காந்தியின் பெயரை லண்டன் இன்னர் டெம்பிள் வக்கீல் பட்டியலிலிருந்து நீக்கியது. அதைத் திரும்பச் சேர்த்தது 1988இல். காந்தி இறந்து நாற்பது ஆண்டுக்குப் பின். ஆனால் காந்தி 1922இல் தொழிலை நம்பியிருந்தவர் அல்லர். வ.உ.சி.க்கு மனைவி மீனாட்சி அம்மாள், பிள்ளைகள், உறவினர் என்று பெரிய குடும்பம். நாற்பது வயதில், கையில் இருந்த ஒரே தொழிலை இழந்தவராக வெளியே வந்தார்.

அடுத்த பத்தாண்டு அவர் பட்ட பாட்டைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. சென்னையில் வீடு மாற்றி வீடு மாற்றிக் குடியிருந்தார். சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார். கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்தபோது அவரைச் சந்தித்தார். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிய பணம் காந்தியின் மூலம் வர வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்து, கடைசியில் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. அந்தக் கடிதங்களில் வ.உ.சி. கெஞ்சவில்லை. தன் நிலையை மறைக்கவும் இல்லை. வர வேண்டிய தொகையை ஒரு வக்கீல் நோட்டீஸுக்கு உரிய நிதானத்தோடும் ஒரு குடும்பத் தலைவரின் அவசரத்தோடும் கேட்கிறார். வேங்கடாசலபதி தொகுத்த அந்தக் கடிதங்களைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைக்கலாம்.

1920இல் கல்கத்தா சிறப்புக் காங்கிரஸ் ஒத்துழையாமைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. கோர்ட்டைப் புறக்கணிப்பது அதன் ஓர் அங்கம். மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாஸும் தொழிலைத் துறந்தார்கள். ராஜாஜியும் துறந்தார். நாடே அவர்களைக் கொண்டாடியது. அந்தத் தீர்மானத்தோடு உடன்படாத வ.உ.சி. காங்கிரஸை விட்டு விலகினார். திலகரின் வழியில் வந்தவருக்குக் காந்தியின் பாதை ஒத்துவரவில்லை என்பதுதான் அதற்குக் காரணம். பிழைப்புக்காக விலகினார் என்று சொல்வது பெரும் அநியாயம். ஆனாலும் அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். தேசம் முழுக்க வக்கீல்கள் கோட்டைக் கழற்றிப் புகழ் பெறுகிறார்கள். தேசத்துக்காகக் கோட்டை இழந்த ஒருவர் அதைத் திரும்பப் பெற மனுப் போட வழி தேடிக்கொண்டிருக்கிறார். இருக்கிறவர் துறந்தால் தியாகம். முன்னமே பறிகொடுத்தவரின் வலியை அளக்க நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை.

அந்த வேளையில்தான் ஈ.எச். வாலஸ் மறுபடி குறுக்கிடுகிறார். பழைய திருநெல்வேலி மாஜிஸ்திரேட்டு இப்போது சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி. 1908இல் தன் முன் குற்றவாளிக் கூண்டில் நின்ற மனிதரை அவர் மறக்கவில்லை. அவருடைய ஆதரவால் வ.உ.சி.க்குச் சன்னது திரும்பியது. வழக்கை செஷன்ஸுக்கு அனுப்பிய கையே தொழிலைத் திருப்பிக் கொடுத்தது. பின்னாளில் பிறந்த பிள்ளை வாலேஸ்வரன் ஆனான்.

இதை வெள்ளையரோடு சமரசம் என்று படிக்கிறவர்களும் இருக்கலாம். அந்தப் படிப்பு தவறு. அரசு வேறு, அதில் உட்கார்ந்திருக்கும் மனிதர் வேறு என்று பிரித்துப் பார்க்க வக்கீலுக்குத் தெரியும். நேற்றுத் தனக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய நீதிபதி முன் இன்று வேறொரு கட்சிக்காரருக்காக எழுந்து நின்று பேச வேண்டியது அவர் தொழில். வஞ்சம் சுமந்துகொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. நன்றியைப் பிள்ளையின் பெயராகவே எழுதி வைத்தது நெல்லைச் சீமையின் மனசு.

சன்னது கிடைத்ததும் கோவில்பட்டிக்குக் குடியேறினார். கரிசல் பூமி, பருத்தி, ரயிலடி, சந்தை என்று அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த ஊர். 1920களின் நடுவிலிருந்து 1932 வரை அங்கே தொழில் செய்தார். கட்சிக்காரர்களுக்கு அவர் ‘கோவில்பட்டி வக்கீல்’. 1927இல் காங்கிரஸுக்குத் திரும்பி, சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார்; அந்த உரை ‘எனது அரசியல் பெருஞ்சொல்’ என்று நூலாக வந்தது. ஆனால் காங்கிரஸ் அதற்குள் வேறு தலைமுறையின் கையில் இருந்தது. மாநாடு முடிந்தபின் அவர் போய்ச் சேர்ந்த இடம் கோவில்பட்டிக் கோர்ட்டுதான்.

அதோடு இன்னொரு வேலையும் விடாமல் நடந்தது. தமிழ். சிறைவாசத்திலேயே ஜேம்ஸ் ஆலனை மொழிபெயர்க்கத் தொடங்கியவர் அவர். ‘மனம்போல வாழ்வு’ அப்படி வந்தது. 1914இல் ‘மெய்யறம்’, 1915இல் ‘மெய்யறிவு’. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையை அச்சேற்றினார். பரிமேலழகரைத் தவிர வேறு உரை பலருக்கும் தெரியாத காலம் அது. தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கு இளம்பூரணர் உரையை வையாபுரிப் பிள்ளையின் துணையோடு பதிப்பித்தார். சிவஞான போதத்துக்கு உரை எழுதினார். அடுத்த மாத அரிசிக்கு வழி தெரியாத நாள்களிலும் ஏட்டுப் பிரதியில் பாடபேதம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

இது ஒருவரோடு நிற்கும் செய்தி அன்று. வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீலாக இருந்துவிட்டு, 1926இல் தமிழ் லெக்சிகனுக்குப் பதிப்பாசிரியராகப் போனவர். ரசிகமணி டி.கே.சி. சட்டம் படித்தவர், வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டத் தொட்டியில் கூடிய நண்பர்களுக்குக் கம்பனே வழக்கு, கம்பனே தீர்ப்பு. தாமிரபரணிக் கரையில் சட்டமும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தன. சாட்சியின் வாக்குமூலத்தில் ஒரு சொல் பிசகினால் வழக்கே சாய்ந்துவிடும் என்று பழகியவர்களுக்கு, உரையாசிரியரின் ஒரு சொல்லை விடாமல் துருவும் பொறுமை இருந்ததில் வியப்பென்ன? டி.கே.சி.க்கு வீட்டில் வசதி இருந்தது. வையாபுரிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகப் பணி கிடைத்தது. வ.உ.சி.க்கு இரண்டும் இல்லை. மூவரிலும் தமிழுக்காக அதிக விலை கொடுத்தவர் அவர்தான்.

அன்றாடச் செலவுக்காகச் சட்டப் புத்தகங்களையே விற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தச்சர் உளியை விற்பதும் வக்கீல் சட்டப் புத்தகத்தை விற்பதும் ஒன்று. 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். சாவு நெருங்குவது தெரிந்ததும் உயில் எழுதினார். ஒரு காலத்தில் பத்து லட்சம் ரூபாய்க் கம்பெனிக்குப் பங்கு திரட்டியவரின் உயிலில் இருப்பவை இன்ஷூரன்ஸ் பாலிசிகளும், ஜவுளிக்கடைப் பாக்கியும், எண்ணெய்க்கடைப் பாக்கியும், சில்லறைக் கடன்களும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினார். கடன்காரர் யாரும் கோர்ட்டுக்குப் போயிருக்கமாட்டார்கள், வ.உ.சி.யின் பேரில் பிராது கொடுக்கத் தூத்துக்குடியில் யாருக்கு மனம் வரும்? ஆனாலும் எழுதினார். அவர் வரைந்த ஆவணங்களிலேயே நேர்மையானது அந்த உயில்தான் என்பது இதை எழுதுகிறவரின் எண்ணம்.

பிறகு நாம் அவரைக் கொண்டாடினோம். 1972இல் தபால் தலை. 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த புதிய மாவட்டத்துக்குச் சிதம்பரனார் பெயர். சில ஆண்டுகளுக்குப் பின் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களை எடுத்தபோது அது தூத்துக்குடி மாவட்டம் ஆனது. 2011இல் துறைமுகத்துக்கு அவர் பெயர். ஒட்டப்பிடாரத்து வீடு நினைவில்லம். அவர் இழுத்த செக்கு சென்னை காந்தி மண்டபத்தில். எல்லாம் வேண்டியவைதான். கப்பலுக்குத் துறைமுகம் இருக்கிறது, சிறைக்குச் செக்கு இருக்கிறது. கோர்ட்டுக்கு என்ன இருக்கிறது?

அவர் எத்தனை வழக்குகளில் ஆஜரானார், யாருக்காக ஆஜரானார், என்ன வாதாடினார், எதில் தோற்றார்? ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி, கோவில்பட்டி ஆகிய மூன்று ஊர்களிலும் சேர்த்து இருபது ஆண்டுக்கு மேல் நடந்த தொழிலைப் பற்றி இரண்டு மூன்று கதைகளுக்கு மேல் நமக்குத் தெரிந்தது இல்லை. கோர்ட்டுக் காகிதத்துக்கு ஆயுள் குறைவு. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டமே குறிப்பிட்ட காலம் கடந்த பதிவுகளை அழிக்க இடம் கொடுக்கிறது. அதையும் தாண்டி எஞ்சுவது கரையானுக்கு. ஆனால் தீர்ப்புகள், பதிவேடுகள், ஹைகோர்ட்டின் சன்னது நீக்கக் கோப்பு, சன்னதைத் திருப்பிக் கொடுத்த உத்தரவு போன்றவற்றைத் தேட வேண்டிய இடங்களில் இன்னும் முறையாகத் தேட வேண்டும். சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மாவட்டக் கோர்ட்டுகளில் பதிவறைகள் இருக்கின்றன. இதைச் செய்ய மிகவும் தகுதி உள்ளவர்கள் இந்தப் பகுதி வக்கீல் சங்கங்கள்தான். எந்தப் பதிவேட்டில் எந்தக் கட்டம் எதைச் சொல்லும் என்று அவர்களுடைய குமாஸ்தாக்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஆராய்ச்சியாளருக்கும் தெரியாது. ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் சிலைக்கு மாலை போடும் சங்கங்கள், அடுத்த ஆண்டு மாலையோடு இரண்டு இளம் வக்கீல்களை இந்த வேலைக்கு அனுப்பட்டும். கிடைப்பதைப் படமெடுத்து, தொகுத்து, வ.உ.சி.யின் வழக்குகள் என்று ஒரே புத்தகமாகப் போடட்டும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில், ஒட்டப்பிடாரத்தில், எட்டயபுரத்தில், மணியாச்சியில் பழைய குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் நிலப் பத்திரங்களோடு சேர்த்துக் கட்டிய கோர்ட்டுக் காகிதங்கள் இருக்கும். உங்கள் பாட்டனாரோ பூட்டனாரோ அந்த ஆண்டுகளில் ஒரு வரப்புக்காகவோ ஒரு கிணற்றுக்காகவோ வழக்காடியிருந்தால், அந்தக் கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். வக்காலத்து நாமாவின் அடியில் சிதம்பரம் பிள்ளை என்று கையெழுத்து இருந்தால், அதைப் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்திலுள்ள கல்லூரியிலோ வக்கீல் சங்கத்திலோ காட்டி ஒரு படி எடுக்கச் சொல்லுங்கள்.